ஆட்டம் சோறு போடுமா?



நம் கிராமப் பங்குகளில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. திருச்சி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் மருங்காபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலை, சோளம். பெய்யாவிட்டால் வெளியூர் வேலை. அந்த ஊர் ஆலயத்தில் கொடியேற்றி, நவநாள் முடிந்து, தேர்பவனிக்கு முன்னால் கலைநிகழ்ச்சி. மேடையில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆடுகிறாள். கேசட்டிலோ செல்போனிலோ பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்ட ஆட்டம். ஆனாலும் தாளம் பிசகவில்லை. முகத்தில் பொருள் தெரிகிறது. ஊரே கைதட்டுகிறது. பங்குத்தந்தை ஒரு எவர்சில்வர் தட்டைப் பரிசாகக் கொடுத்து, "நன்றாக வருவாய்" என்று தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார்.

மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. அந்தச் சிறுமியின் ஆட்டமும் பந்தலோடு பிரிந்துபோகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து பிளஸ் டூ முடித்ததும், "நான் நடனம் படிக்கிறேன்" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னால், தந்தை கேட்பார்: "ஆட்டம் சோறு போடுமா?" தாய் பங்குத்தந்தையிடம் வந்து கேட்பார்: "சாமி, இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு ஆகுமா?"

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஒன்று வயிற்றைப் பற்றியது. மற்றொன்று உரிமையைப் பற்றியது. இரண்டுக்கும் பதில் தேடும்போது நம் மறைமாவட்டமே ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நடத்திவரும் நிறுவனம் ஒன்றை நாம் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்சி கண்டோன்மென்ட், பென்வெல்ஸ் சாலையில் உள்ள கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரிதான் அது. அந்தச் சாலை வழியாகப் பலமுறை போயிருப்போம். உள்ளே என்ன நடக்கிறது, அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கலை யார் வீட்டுச் சொத்து?

முதலில் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். "நம்ம பிள்ளைகளுக்கு ஆகுமா" என்று அந்தத் தாய் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் இசையும் நடனமும் நெடுங்காலம் பிறப்பை வைத்தே கைமாறி வந்தன. தந்தையிடமிருந்து மகனுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு, குருவின் வீட்டில் தங்கிப் பணிவிடை செய்யும் சீடனுக்கு. வெளியே நிற்பவனுக்குக் கேட்க மட்டுமே அனுமதி.

பரதநாட்டியத்தின் கதையையே பாருங்கள். இன்று கௌரவமாகக் கருதப்படும் இந்தக் கலை, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் என்று அழைக்கப்பட்டது. கோவில்களோடு பிணைக்கப்பட்ட தேவதாசிக் குடும்பங்களின் பெண்களே அதைக் காத்து வந்தார்கள். அந்த முறையில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே காலத்தில் ஈ. கிருஷ்ண அய்யர் போன்றோர் கலை அழிந்துவிடக் கூடாது என்று வாதாடினர். 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். கலை பிழைத்தது; பெயரும் மதிப்பும் உயர்ந்தன. ஆனால் அதைக் காப்பாற்றித் தந்த குடும்பங்களின் பெண்கள் பெரும்பாலும் மேடையிலிருந்து மறைந்துபோனார்கள். ஒரு வாசலிலிருந்து கலை இன்னொரு வாசலுக்குப் போனது. இரண்டு வாசல்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

மிருதங்கத்தின் கதை நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுகிறது. கச்சேரி மேடையில் மிருதங்கம் வாசிப்பவரை எல்லாரும் அறிவோம். அந்த மிருதங்கத்தைச் செய்தவரை யாருக்குத் தெரியும்? பலா மரத்தைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, வலந்தலையின் நடுவில் கருநிறக் கலவையை அடுக்கடுக்காக வைத்துத் தேய்த்து, சுருதி சேர்த்துக் கொடுக்கும் கைவினைஞர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சையில் வாழ்ந்த செபஸ்தியான், அவர் மகன் பர்லாந்து போன்றோரின் குடும்ப வரலாற்றைக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக எழுதினார். பாலக்காடு மணி அய்யரின் மிருதங்கங்களைச் செய்து கொடுத்தவர் பர்லாந்து. நம்மைப் போலவே ஞாயிறு ஆராதனைக்குப் போகும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நாதத்தை உருவாக்கியிருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் கச்சேரி மேடையில் வித்வானாக உட்கார்ந்தார்கள்?

ஆக, திறமை இல்லாததால் கலை நம் பிள்ளைகளுக்கு எட்டாமல் போகவில்லை. கதவு திறக்க ஆள் இல்லாததால் எட்டாமல் போனது.

கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருச்சியிலேயே சான்று இருக்கிறது. எம்.கே. தியாகராஜ பாகவதரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1910-இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். பள்ளியில் மனம் செல்லாமல் பாடித் திரிந்த சிறுவன். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச அய்யர், திருச்சி ரசிக ரஞ்சன சபையின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்து அந்தச் சிறுவனை மேடையேற்றினார். பிறகு வயலின் வித்வான் பொன்னு அய்யங்காரிடம் முறையாக இசை பயின்றான். 1944-இல் வெளிவந்த ஹரிதாஸ் படத்தின் மூலம் அவர் குரல் தமிழகத்தின் தெருக்கள் எங்கும் ஒலித்தது. ஒரு பெரியவர் கவனித்தார், ஒரு சபை மேடை கொடுத்தது, ஒரு குரு கற்றுக் கொடுத்தார். இந்த மூன்றும் சேர்ந்தபோது பட்டறையில் உட்கார வேண்டிய பிள்ளை பாகவதர் ஆனார். இந்த மூன்றும் அமையாமல் போன பிள்ளைகளை வரலாறு எழுதி வைக்கவில்லை.

இப்படி ஒரு பெரியவர் கண்ணில் படும் அதிர்ஷ்டத்தை நம்பி இராமல், கதவை நிரந்தரமாகத் திறந்து வைப்பதுதான் பொதுமக்களுக்கான கலைக் கல்வி நிறுவனத்தின் வேலை.

கலைக்காவிரி பிறந்த கதை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் தங்களுக்கே உரிய இசை மரபு உண்டு, அதற்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று கூறியது. 1965-இல் வந்த இன்றைய உலகில் திருச்சபை என்னும் ஏடு, கலையும் இலக்கியமும் மனித வாழ்வுக்கும் திருச்சபைக்கும் எவ்வளவு முக்கியமானவை என்பதை எடுத்துரைத்தது. சங்கம் முடிந்த கையோடு பெங்களூரில் அருட்தந்தை அமலோர்பவதாஸ் அவர்களின் தலைமையில் இந்திய வழிபாட்டு முறைகளைப் பற்றிய தேடல் தொடங்கியது. குத்துவிளக்கு, ஆரத்தி, அஞ்சலி வணக்கம் போன்றவை 1969-இல் திருப்பலியில் இடம்பெற அனுமதி கிடைத்தது.

அந்தச் சூழலில்தான், ஆயர் தாமஸ் பெர்னாண்டோ அவர்கள் நம் மறைமாவட்டத்தை வழிநடத்திய நாட்களில், 1977-இல் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் அவர்கள் கலைக்காவிரியைத் தொடங்கினார். அப்போது அது கல்லூரி அல்ல. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றின் வழியாக மக்களோடு பேசும் தொடர்பு மையமாகவே அது தொடங்கியது. கலைக்காவிரி வெளியிட்ட பக்திப் பாடல் கேசட்டுகள் பல பங்குகளின் கோபுர ஒலிபெருக்கியில் ஒலித்ததை நடுத்தர வயதினர் நினைவுகூர்வார்கள். அதன் நடனக் குழு தமிழகக் கிராமங்களுக்கும், பிறகு ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று ஆடியது.

பின்பு அது இசை, நடனம் கற்பிக்கும் பள்ளியாக வளர்ந்தது. 1990-களில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவோடு பட்டம் வழங்கும் நுண்கலைக் கல்லூரியாயிற்று. பரதநாட்டியம், குரலிசை, வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவை அங்கே பட்டப் பாடங்களாகக் கற்பிக்கப்பட்டன. வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள், குறிப்பாக அங்கே நடனம் கற்பிக்கும் ஆசிரியைகள் பலரும், கலைக்காவிரி வழியாகப் பயின்று பட்டம் பெற்றார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். குருவின் வீட்டில் கற்ற கலைக்குச் சான்றிதழ் இல்லை. குருவின் பெயரே சான்று. பெரிய குருவின் பெயர் வேண்டுமென்றால் பெரிய குடும்பத்துத் தொடர்பு வேண்டும். அரங்கேற்றம் என்று வந்தால் மண்டப வாடகை, பக்கவாத்தியம், உடை, நகை, விருந்து என்று ஒரு கல்யாணச் செலவு வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க முடியாது. கலை ஒரு கல்லூரிப் படிப்பாக மாறும்போது சேர்க்கைக்கு விண்ணப்பம் போதும். குலமோ சிபாரிசோ வேண்டாம். தேர்வு வைத்துத் தேர்ச்சி பெற்றால் பட்டம். கல்லூரி மேடையே அரங்கேற்ற மேடை. இலாப நோக்கில்லாத நிறுவனம் ஒன்று இதை நடத்தும்போது, மருங்காபுரிச் சிறுமியும் கண்டோன்மென்ட் சிறுமியும் ஒரே வகுப்பில் ஒரே தட்டடவைத் தட்ட முடிகிறது. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு இன்றி எல்லாரும் அங்கே பயில முடிகிறது.

அங்கே என்னதான் படிக்கிறார்கள்?

"ஆட்டம் படிப்பதற்கு மூன்று ஆண்டு கல்லூரி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கலை என்றால் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருப்பதால் வரும் கேள்வி இது.

நடனம் கற்கும் பிள்ளை முதலில் அரைமண்டியில் உட்காரப் பழக வேண்டும். முழங்கால் வெளிப்பக்கம் மடங்க, முதுகு நிமிர்ந்திருக்க, அந்த நிலையில் தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வொரு அடவையும் மூன்று காலத்தில் பழக வேண்டும். இதற்கே மாதங்கள் ஆகும். பிறகு கைகள். அபிநய தர்ப்பணம் என்னும் நூல் ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்று வகுக்கிறது. ஒரே முத்திரை இடத்துக்குத் தக்கபடி பூவாகும், மானாகும், அழைப்பாகும், மறுப்பாகும். அதன்பின் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசையாக உருப்படிகள். வர்ணம் ஒன்றை ஆட அரை மணி நேரத்துக்கும் மேலாகலாம். ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும். பாட்டின் பொருள் புரியாமல் அபிநயம் பிடிக்க முடியாது. எனவே இலக்கியம் படிக்க வேண்டும். பாடல் எந்தக் காலத்தில், யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று தெரிய வேண்டும். எனவே வரலாறு படிக்க வேண்டும்.

பாட்டு படிப்பவருக்கும் இதே கதைதான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படி ஏற வேண்டும். 72 மேளகர்த்தா ராகங்களின் அமைப்பும், ஏழு தாளங்கள் 35 ஆக விரியும் கணக்கும் மனத்தில் பதிய வேண்டும். மிருதங்கம் கற்பவருக்கு விரல் வேகத்தை விட மனக்கணக்கே முக்கியம். மூன்றையும் நான்கையும் ஐந்தையும் கலந்து எங்கே புறப்பட்டாலும் சமத்தில் வந்து விழ வேண்டும்.

இந்தப் படிப்பு பிள்ளைக்கு என்ன தருகிறது? கவனம், பொறுமை, உடலைப் பேணும் ஒழுக்கம், பிறர் வாசிப்பதைக் கேட்டு அதோடு இசைந்து போகும் பண்பு, ஆயிரம் பேர் முன்னால் நடுங்காமல் நிற்கும் துணிவு. கிராமத்துப் பெண்பிள்ளைக்கு இந்தக் கடைசி ஒன்று எவ்வளவு பெரிய வரம் என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

"இது நம்முடையதா, சாமி?"

சிலருக்கு இன்னொரு தயக்கம் இருக்கிறது. பரதம் பிற சமயத்தாரின் கோவிலில் வளர்ந்தது. கத்தோலிக்கப் பிள்ளை அதை ஆடலாமா என்பது. இதை ஒதுக்கிவிடாமல் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

தமிழ் மண்ணில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ்க் காப்பிய மரபை முழுமையாகக் கற்று, புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். காப்பிய மரபு எந்தச் சமயத்தில் வளர்ந்தது என்று அவர் தயங்கவில்லை. அதைக் கற்றுத் தேர்ந்த பிறகே கையில் எடுத்தார். நம் திருச்சி அருகே குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாகப் பணியாற்றிக்கொண்டே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். கர்நாடக இசை மேடைகளில் அவர் பாடல்கள் பாடப்பட்டு வருகின்றன. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவரும் அவரே. கோபாலகிருஷ்ண பாரதியாரும் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய நண்பர்கள். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் நட்பையும் கலையையும் பகிர்ந்துகொண்ட வாழ்வு அது.

நடனத்திலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது. இறைவார்த்தைச் சபைக் குருவாக இருந்த பிரான்சிஸ் பார்போசா பரதத்தை முறையாகப் பயின்று, மூவொரு இறைவனையும் சிலுவையையும் குறிக்கப் புதிய முத்திரைகளை வகுத்தார். கொல்கத்தாவில் இயேசு சபைக் குரு சஜு ஜார்ஜ் பரதக் கலைஞராகவே அறியப்பட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குக் கலைக் கல்வி அளித்து வருகிறார்.

முத்திரை என்பது மொழி. மொழியில் செபமும் சொல்லலாம், கதையும் சொல்லலாம். ஆனால் மொழியைக் கடன் வாங்குகிறவன் அதை வளர்த்தவர்களுக்கு நன்றியுடையவனாக இருக்க வேண்டும். பிற சமயத்தாரின் பக்திப் பாடலுக்கு ஆடும் மாணவி, அந்தப் பக்தியைக் கேலி செய்யாமல் மதித்துத்தான் ஆட முடியும். ஸ்ரீரங்கத்தில் அரையர்கள் அபிநயத்தோடு பாசுரம் சேவிப்பதைக் காணும் நம் மாணவி, தன் கலையின் வேர்களில் ஒன்றை அங்கே காண்கிறாள். அதனால் அவளுடைய விசுவாசம் குறைந்துவிடாது. அயலாரைப் பற்றிய அறியாமைதான் குறையும். வழிபாட்டுக்குள் நடனம் எப்போது, எந்த அளவில் இடம்பெறலாம் என்பதை ஆயர்களின் வழிகாட்டுதல் தீர்மானிக்கட்டும். அது வேறு கேள்வி. கலையைக் கற்பது அதற்கும் முந்தியது, அதைவிட அகலமானது. தாவீது அரசர் உடன்படிக்கைப் பேழையின் முன் ஆடியதைக் கண்டு சன்னல் வழியே இகழ்ந்து பார்த்த மீக்காலின் இடத்தில் நாம் நின்றுவிடக் கூடாது.

பறையும் உடுக்கையும்

இதைப் படிக்கும் ஒருவர், "பரதமும் கர்நாடக இசையும் மட்டும்தான் கலையா?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. மருங்காபுரிப் பிள்ளை வெறுங்கையோடு திருச்சிக்கு வருவதில்லை. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது பொன்னர் சங்கர் கதையைக் கேட்டு வளர்ந்த மண் அது. உடுக்கை அடித்து இரவு முழுதும் கதை பாடும் கலைஞனிடம் இருக்கும் நினைவாற்றல் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சவால் விடும். அந்த அண்ணன்மார் கதையைக் கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். கடல் கடந்து வந்தவர் மதித்ததை நாம் 'நாட்டுப்புறம்' என்று ஒதுக்கினோம்.

பறையின் நிலை இன்னும் வேதனையானது. சாவு வீட்டில் அடிக்கும்படி ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்டு, அடிப்பவரோடு சேர்த்து அந்த வாத்தியமும் இழிவாக்கப்பட்டது. நம் ஆலயத் திருவிழாக்களிலும் பறையடிப்பவர் தேருக்கு முன்னால் நடந்தார். பந்தியில் பின்னால் அமர்த்தப்பட்டார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மனம் வருந்த வேண்டும். 2003 வரை நம் மறைமாவட்டத்தின் பகுதியாக இருந்த திண்டுக்கல்லில், அருட்சகோதரிகள் சந்திரா, பெல்சி ஆகியோர் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், தலித் இளம் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. ஆண்கள் மட்டுமே, அதுவும் சாவுக்கு மட்டுமே அடித்த பறையைப் பெண்கள் பெருமிதத்தோடு அடித்தபோது, இழிவு என்று சொல்லப்பட்டதே விடுதலையின் ஓசை ஆயிற்று.

கலைக்காவிரி எட்டாத கலையைச் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு எட்டச் செய்தது. சக்தி மையம் எட்டிய கலைக்கு மறுக்கப்பட்ட மதிப்பை மீட்டுத் தந்தது. இரண்டும் ஒரே பணியின் இரண்டு கைகள்.

சரி, சோறு போடுமா?

இப்போது தந்தையின் கேள்விக்கு வருவோம். பொய் நம்பிக்கை தரக் கூடாது. இசை ஆசிரியர், நடன ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. எல்லாரும் மேடைக் கலைஞராகிவிட முடியாது. பொறியியல் படித்தவனுக்கும் வேலை உறுதியில்லாத இந்தக் காலத்தில் கலை படித்தவருக்கு மட்டும் உறுதி தர யாராலும் இயலாது.

ஆனாலும் வழிகள் இருக்கின்றன. பள்ளிகளில் இசை, நடன ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். சிற்றூர்களிலும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுப்போர் நாணயமாகப் பிழைக்கிறார்கள். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் தரத்தேர்வு வைத்துக் கலைஞர்களுக்கு வாய்ப்பளித்து வந்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்கள், நாடகம், திரை, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி என்று துறைகள் விரிகின்றன. பட்டம் இருப்பதால், பட்டதாரி என்ற தகுதி கேட்கும் பிற பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். நம் பங்கின் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் இளைஞருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? திருவிழாவுக்குப் பந்தல்காரருக்கு, மின்விளக்குக்காரருக்கு, வாணவேடிக்கைக்காரருக்குப் பேசிய தொகையைக் கொடுக்கிறோம். பாடல் சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு சால்வை போர்த்தி, "கோவில் வேலைதானே" என்று அனுப்பிவிடுகிறோம். பாட்டும் நடனமும் சோறு போடாததற்கு ஒரு காரணம், அவற்றுக்குச் சோறு போட வேண்டியவர்கள் போடாததும்தான்.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் அந்தக் கரிய வட்டத்துக்குக் கலைஞர்கள் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'சோறு'. கல் பொடியையும் வேகவைத்த சோற்றையும் பிசைந்து தேய்ப்பதால் வந்த பெயர். அந்தச் சோறு இல்லாவிட்டால் மிருதங்கத்துக்கு நாதம் இல்லை. வெறும் தோலில் வெறும் சத்தம்தான். மனித வாழ்வும் அப்படியே. வயிற்றுக்கும் சோறு வேண்டும். வாழ்வு நாதமாக ஒலிப்பதற்கும் ஒரு சோறு வேண்டும். ஏழையின் பிள்ளைக்கு முதலாவது மட்டும் போதும் என்று முடிவுசெய்யும் உரிமையை யார் நமக்குக் கொடுத்தது?

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

1. திருவிழா மேடையில் நன்றாகப் பாடும், ஆடும், வாசிக்கும் பிள்ளைகளின் பெயரைப் பங்குப் பேரவை குறித்து வைத்து, ஆண்டு முழுவதும் அவர்களைக் கவனிக்கலாம்.

2. அன்பியங்கள் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் கலைப் படிப்புக்குப் பயணச் செலவையோ விடுதிச் செலவையோ ஏற்கலாம். வாணவேடிக்கையில் ஒரு பகுதியைக் குறைத்தாலே முடியும்.

3. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைக் கலைக்காவிரிக்கு நேரில் அழைத்துச் சென்று காட்டலாம். சேர்க்கை விவரங்களை அங்குள்ள அலுவலகத்திலேயே கேட்டறிவது நல்லது.

4. உடுக்கை, பறை, கும்மி, ஒயில் தெரிந்த ஊர்ப் பெரியவர்களை விடுமுறை மறைக்கல்வி நாட்களில் அழைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யலாம். அவர்களுக்கு உரிய ஊதியமும் மரியாதையும் தர வேண்டும்.

5. பயிற்சி பெற்ற பாடகர் குழுத் தலைவருக்கு மாதந்தோறும் நியாயமான தொகை வழங்கலாம்.

இயேசு சொன்ன தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு தாலந்தை வாங்கியவன் அதை மண்ணில் புதைத்தான் என்று அவனைக் குறை சொல்கிறோம். ஆனால் மருங்காபுரிச் சிறுமி தன் தாலந்தைத் தானே புதைக்கவில்லை. பந்தல் பிரித்த மறுநாள் குழி வெட்டியவர்கள் நாம். "இதெல்லாம் நமக்கு எதற்கு" என்ற ஒவ்வொரு சொல்லும் ஒரு கூடை மண்.

அடுத்த திருவிழாவிலும் அவள் ஆடுவாள். நாமும் கைதட்டுவோம். தட்டிய கை அதோடு நின்றுவிடாமல், அவள் கையைப் பிடித்துத் திருச்சிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வரட்டும்.